காக்கைப் பாட்டின் கடைசி அடி

காக்கைப் பாட்டு எழுதிய கவிஞருக்கு,

தீர்த்தஹள்ளிப் பள்ளிக்கு உங்களைச் சிறப்பு விருந்தினராக அழைக்கச் சொன்னவள் நான்தான். இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக நான் நிற்பேன் என்று நீங்கள் எதிர்பார்க்கவில்லை.

தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கும் முன் என் பிள்ளைகள் அந்தப் பாட்டைத்தான் பாடுவார்கள். நம் மகளுக்கு ராகிக் கூழ் ஊட்டுவதற்காக நான் கட்டிய பாட்டு. உங்களுக்கு விருது வாங்கிக் கொடுத்த பாட்டு.

அன்று நீங்கள் அதைப் பாடி முடித்ததும் என் வகுப்புப் பிள்ளை நாகவேணி எழுந்தாள்.

"சார், கடைசி அடிய விட்டுட்டீங்க."

"பாட்டு அவ்வளவுதாம்மா. எழுதினவனுக்குத் தெரியாதா?"

"எழுதினது எங்க டீச்சராச்சே."

வகுப்பே சேர்ந்து அந்த அடியைப் பாடியது. அதில் நம் மகளின் பெயர் வரும். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு, அவளுடைய கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் நான் சேர்த்த அடி அது. வந்திருந்த பெற்றோர் எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஒரு குழந்தைக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் சாகர ஊர்ப் பள்ளியில் பாடப் போகிறீர்களாம். அங்கே ஆசிரியை என் தோழி. அந்தப் பிள்ளைகளுக்கும் முழுப் பாட்டு தெரியும்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா