பொத்தானுக்கு வைத்த சோதனை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, சின்னவள், நான், புதிதாக வந்து சேர்ந்த வாலுள்ள நாலாவது ஆள் எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன், ஆனால் நான் கேட்டு முடிப்பதற்குள் "நல்லா இருக்கேம்மா" என்று நீ முந்திக்கொள்வதுதான் எனக்கு இடிக்கிறது. நாய் எப்படி இருக்கிறது என்று நீ எழுதிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது, நான் பதில் போடவில்லை. போனில் சொல்லலாமென்றால் சின்னவள் போனுக்கும் என் காதுக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு நிற்பாள். அதோடு இது போனில் மேலோட்டமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிற விஷயமும் இல்லை.

யோசனை உன்னுடையது. நீ ஹாஸ்டலுக்குப் போனபின் பத்து நாள் சின்னவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அழுதாள் என்று கேட்டு, ஒரு நாய் கொண்டுவாருங்கள் என்று அப்பாவிடம் ஓதியது நீதான். அவரும் எங்களைத் தெருநாய்க் காப்பகத்துக்குக் கூட்டிப் போனார். "ரொம்ப ஃப்ரெண்ட்லி மேடம், கடிக்காது, குரைக்கக்கூடச் செய்யாது" என்று அங்கிருந்த பெண் சொன்ன நிமிடமே எனக்குத் திக்கென்றது. இவ்வளவு நல்ல நாய் ஏன் இங்கே கிடக்கிறது? முன்னால் ஒரு வீட்டில் இருந்ததாம், அவர்கள் வேறு ஊருக்கு மாறிப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். கட்டிலையும் பீரோவையும் ஏற்றியவர்களுக்கு நாய்க்கு மட்டும் லாரியில் இடமில்லையா என்று கேட்டேன். அவள், ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், ஒத்துவந்தால் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் கொண்டுவந்து விடுங்கள் என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு. "நம்ம வீட்டுக்கு வர்ற பல்லிகூட உங்கிட்ட நடத்தைச் சான்றிதழ் காட்டணும்" என்றார்.

மார்பில் வட்டமாக வெள்ளை இருப்பதால் சின்னவள் அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்தாள். வந்த அன்றே அது என் பாதத்தில் மோவாயை வைத்துப் படுத்தது. முன்பின் தெரியாத ஒருத்தி காலில் எடுத்த எடுப்பில் தலை வைக்கிற எதையும் நான் நம்பமாட்டேன். செருப்பைக் கடிக்கவில்லை, மேஜைமேல் இருந்ததைத் தொடவில்லை, எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மறந்துவிட்டுப் போன அளவுநாடாவைக்கூடக் கவ்விக்கொண்டுபோய்க் கொடுத்தது. உனக்குத் தெரியும், எங்கள் குடிநீர் லேபுக்குச் சோதனைக்கு வரும் தண்ணீர் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் காட்டினால் நாங்கள் கைதட்ட மாட்டோம். பாட்டில் மாறியதா, யாராவது ஏமாற்றுகிறார்களா என்று பார்த்து இன்னும் மூன்று தடவை சோதிப்போம். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் ரிப்போர்ட்டில் ஏறும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டு, அது யாரைப் பார்த்து எவ்வளவு வாலாட்டுகிறது என்று எழுதிக்கொண்டே வந்தேன். சின்னவளுக்கும் கேஸ் சிலிண்டர் போடுபவருக்கும் அது ஒரே அளவுதான் ஆட்டுகிறது. அப்படியென்றால் கூப்பிட்டவர் பின்னால் போய்விடும். ஆறு வயதுப் பிள்ளை அதன் காதில் ரகசியமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது ஒருநாள் போய்விட்டால் மறுபடியும் கட்டிலுக்கு அடியில்தானே போவாள்? அதற்குள் தெரிந்துகொள்வது நல்லதென்று நினைத்தேன்.

என் லீவு நாளில், சின்னவள் ஸ்கூலுக்குப் போனபின், கேட்டைத் திறந்து வைத்துவிட்டு அக்காவை எதிர்ப்பக்கத்திலிருந்து பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிடச் சொன்னேன். போயிற்று. "நாயைச் சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டியா, இனி உன் வீட்டுக்காரர் தப்பிச்சார்" என்று அக்கா கேலி செய்தாள். அடுத்த தடவை கேபிள்காரர் கூப்பிட்டார், இன்னும் வேகமாகப் போயிற்று. மூன்றாவது தடவை யாரையும் ஏற்பாடு செய்யவில்லை, கேட்டை மட்டும் திறந்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். பக்கத்து வீட்டுக்கு மெத்தை இறக்க ஒரு வேன் வந்திருந்தது. அந்த ஆள் சும்மா நாக்கைச் சொடுக்கினார், அது ஏறி உட்கார்ந்துவிட்டது, அவர் கவனிக்காமல் பின்கதவைச் சாத்தினார். நான் செருப்பில்லாமல் ஓடிப்போய்க் கத்துவதற்குள் வேன் முக்குத் திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டில் கடை நம்பரை வாங்கி அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை.

இனிமேல்தான் நான் எழுதத் தயங்கிய இடம். சாயங்காலம் அப்பா வந்து, நாய் எப்படி வெளியே போனது, காலையில் கடைசியாகப் போனது யார் என்று கேட்டார். சின்னவள்தான். "கொக்கி போட்டியாடா?" என்றார். முதலில் "போட்டேம்ப்பா" என்றாள். அவர் இன்னொரு தடவை கேட்டதும் "போட்டேன்னு நினைக்கிறேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "போடலபோல" என்று அவளே சொல்லிவிட்டாள். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை. மறுநாள் காலை புத்தகப்பையோடு கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, யாராவது வந்து திறக்கட்டும் என்று காத்திருந்தாள். "நான் தொடமாட்டேன், எனக்குச் சரியாப் போடத் தெரியலை" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மத்தியானமே மெத்தைக் கடையிலிருந்து கழுத்துப்பட்டையில் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் பண்ணினார்கள். "மேடம், இருக்கறதுலயே உசந்த மெத்தையாப் பார்த்துப் படுத்திருக்கு, எழுப்பினா வாலை ஆட்டுது, ஒரு கஸ்டமர் நாயோட சேர்த்து என்ன விலைன்னு கேக்கறார்" என்றார் கடைக்காரர். கூட்டிவந்தேன். இந்த நாயே வேண்டாம் என்று சொல்வதற்காகக் காப்பகத்துக்குப் போன் செய்து, நோட்டில் இருந்ததையெல்லாம் வாசித்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திரும்பத் திரும்பக் கேட்டைத் திறந்து வெச்சு, பிஸ்கட் குடுத்துக் கூப்பிட்டா நானே போயிடுவேன் மேடம். வெளியே போனா நல்லதுதான் நடக்கும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள். பதினாலு வருஷமாக லேபில் இருக்கிறேன், அழுக்குக் கையோடு தண்ணீரைத் தொட்டுவிட்டுத் தண்ணீரில் அழுக்கு என்று எழுதியிருக்கிறேன்.

அதன்பிறகும் ஆறு நாள் தள்ளிப்போட்டேன். ஆறு நாளும் அவள் கேட்டைத் தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அவளையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார், இரண்டு நாள் உப்பு வேண்டுமென்றால்கூடச் சின்னவளிடம்தான் கேட்டார். சின்னவள் கோபப்படவில்லை. "அப்ப நான் கொக்கி போட்டேன்தானே?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு நாயின் காதைப் பிடித்துக்கொண்டே, "என்னையும் டெஸ்ட் பண்ணுவியாம்மா?" என்றாள். மாட்டேன் என்றேன்.

உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. உன் வார்டனுக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறேன். நீ லைப்ரரியில் இருப்பதாகச் சொன்ன அன்றும், பஸ் கிடைக்காமல் நேரமாகிவிட்டது என்று சொன்ன அன்றும். இரண்டு தடவையும் நீ சொன்னதுதான் நிஜம். அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை, மூன்றாவதாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று இருந்தேன். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள் நான், உனக்கு இப்போது அதே வயது, உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைய என்னைத்தான் சந்தேகப்படுகிறேன் போலிருக்கிறது. அந்த நம்பரை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அவசரத்துக்கு அப்பாவிடம் இருக்கிறது. உனக்குக் கோபம் வந்தால் அடக்கிக்கொள்ளாதே, எழுது.

காப்பகத்தின் தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. கேட்டில் சின்னவளுக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு கொக்கி வைத்திருக்கிறோம், இனி மறந்தால் குற்றம் பெரியவர்களுடையது. பொத்தான் இன்னமும் என் பாதத்தில்தான் படுக்கிறது. நான் செய்தது அதற்குத் தெரியாதா, தெரிந்தும் நடிக்கிறதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எடுத்த படிப்பு கைகூடி, நல்லவர்கள் சூழ, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நீ இருக்க வேண்டும். ஈரத் தலையோடு வகுப்புக்குப் போகாதே. போன வாரம் பேசும்போது இருமினாய், மருந்து வாங்கிவிட்டேன் என்றாய். வாங்கியிருப்பாய்.

இப்படிக்கு,
உன் அம்மா