நீலத்தும்பி செத்துப் பிழைத்த வாரம்

என் அருமை அண்ணே,

நீ வண்டியிலிருந்து விழுந்து எங்களை விட்டுப் போய் ஒரு வருஷமாகிவிட்டது. நேற்று உனக்குத் திதி கொடுத்தோம். நெடுங்காட்டிலிருந்து அத்தை வந்திருந்தார். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு வடை, பாயசம், பன்னீர் சோடா எல்லாம் படைத்தோம். அப்பா கடைத்தெருவுக்குப் போய் இந்த வார 'நீலத்தும்பி' காமிக்ஸையும் வாங்கிவந்து இலையோரம் வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம்!

உனக்குத் தெரியாதில்லையா, போன மாதம் அணை உடைந்த கதையில் நீலத்தும்பி செத்துப்போனான். என்ன இதழ் தெரியுமா அது! கடைசிப் பக்கங்களில் ஒரு வசனம்கூட இல்லை. வெறும் தண்ணீர். அன்று முழுக்க அதையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அவன் திரும்பி வந்துவிட்டான். செத்தது அவனுடைய நிழலாம். ஒரே கட்டத்தில் விளக்கம் முடிந்தது, அடுத்த கட்டத்தில் ஜோக் அடிக்கிறான். அவன் தங்கைகூட "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று கேட்கவில்லை. கேட்காமல் எப்படி இருக்க முடியும்?

நீயாக இருந்தால் "பதரு!" என்று கட்டிலில் வீசியிருப்பாய். ஒரு வாரம் நெல்மணி, அடுத்த வாரம் பதர் என்று மாறி மாறித்தானே அந்தக் காமிக்ஸ் நமக்கு வந்தது. "இத வைக்காதீங்கப்பா," என்றேன்.

"எம் புள்ள எதக் குடுத்தாலும் வேணாம்னு சொல்லாது. தங்கம்," என்றார் அத்தை.

"இல்லத்தே. இத அண்ணன் தொடவே தொடாது."

"ஏண்டி, சாமியாப் போனவனுக்கு நொட்ட சொல்றியே!"

"சாமி இல்லத்தே. அண்ணன்."

அப்பா மெதுவாகக் கேட்டார்: "அவனுக்கு எதும்மா புடிக்கும்?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

நான் அந்த இதழை எடுத்துவிட்டு, நீ படிக்காமல் போன அணை உடையும் இதழைக் கொண்டுவந்து வைத்தேன்.

"செத்த கதையையா வைக்கிற? திதி நாளும் அதுவுமா!"

"ஆமாத்தே. செத்துப்போச்சுல்ல."

அம்மா வந்து அந்த இதழை இலைக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

உன்மேலும் கோபம்தான். எல்லோரும் விதி என்கிறார்கள். ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போனதா விதி? போலீஸைக் கண்டால் மட்டும் தலையில் கவிழ்த்துக்கொள்வாயே, அன்றைக்கு வழியில் ஒருவர்கூடவா நிற்கவில்லை?

சத்தியமாகச் சொல்கிறேன், உன்னைத் தங்கமாக்க நான் யாரையும் விடமாட்டேன். நீ முன்கோபி. என் பேனாவைத் திருடுகிறவன். பிடிக்காத கதையையும் திட்டிக்கொண்டே கடைசிவரை படிக்கிறவன். கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்வேன். அவர்கள் சொல்லும் அந்த நல்ல பிள்ளையை எனக்குத் தெரியாது. நான் தேடுவது உன்னை.

உன்னோடு சண்டையை இன்னும் முடிக்காத
உன் தங்கச்சி,
மங்கை