புள்ளிக்கு அப்புறம் மூன்று

மார்ச் 3, செவ்வாய்
ஒருவழியாக ஓடிவிட்டது! வாணியம்பாடி டேனரியின் புது டேட்டாபேஸும், ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி ஸ்டோரின் பழைய டேட்டாபேஸும் இனி என் இணைப்பு நிரல் வழியாகப் பேசிக்கொள்ளும். அங்கே பதனிட்டு அனுப்பிய தோல் எத்தனை சதுர அடி, இங்கே வந்து சேர்ந்தது எத்தனை, எல்லாம் ஒரே திரையில். மேனேஜர் தணிகைவேல் சார் கைகொடுத்தார். குடியாத்தம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

மார்ச் 5
எல்லா லோடிலும் தோல் குறைகிறது. ஸ்டோரில் அளந்து பதிவது செண்பகம் அக்கா. "உன் புரோகிராம் கரெக்ட்தானே?" என்று சார் கேட்டார். "கரெக்ட் சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

மார்ச் 6
அக்காவை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். எல்லாரும் பார்க்க, கேட்டில் செக்யூரிட்டி அவர் பையைக் கொட்டினான். "நான் இன்னா, தோலை மடிச்சு சோத்து டப்பாவுலயா எடுத்துட்டுப் போனேன்? நீயாவது சொல்லு பாரதி!" நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 8
திருடுகிறவர் ஒரு லோடில் எடுப்பார், ஒன்றை விடுவார். எல்லாவற்றிலுமா குறையும்?

மார்ச் 9
ஐயோ. ஸ்டோர் அளவுகளில் புள்ளிக்கு அப்புறம் 1, 2, 3 மட்டும்தான். நாலு இல்லை, ஒன்பது இல்லை — ஒரு தோலில்கூட! இங்கே தோலைக் கால் சதுர அடிக் கணக்கில் எழுதுவது பழைய வழக்கம். 12.3 என்றால் பன்னிரண்டும் மூன்று காலும், அதாவது பன்னிரண்டே முக்கால். டேனரி அதையே 12.75 என்று வைத்திருக்கிறது. என் நிரல் இரண்டையும் ஒரே மாதிரி படித்துவிட்டது. ஒரு துண்டுத் தோல்கூடக் காணாமல் போகலடி பாரதி. உனக்குத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கத் தோணல.

சொன்னால்? புரோபேஷன்கூட முடியவில்லை. சத்தமில்லாமல் திருத்திவிட்டால்... அப்போ அக்கா?

மார்ச் 10
சொல்லிட்டேன். "சிஸ்டம் ப்ராப்ளம்னு போட்டுடலாம். பெருசு பண்ணாதே" என்றார் சார்.
"சிஸ்டம் இல்ல சார், நான்."
"போம்மா, பேஜார் பண்ணாத. அந்தம்மாவை வரச் சொல்லிடறேன்."

மார்ச் 12
கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. செண்பகம் அக்கா வந்துவிட்டார். "தப்பு என்னுது அக்கா" என்றேன். "சரி, விடு" என்றார், முகம் பார்க்காமல்.

சாயங்காலம் கேட்டில் எனக்கு முன்னால் நின்றார். செக்யூரிட்டி, "நீங்க போங்கம்மா" என்றான். அக்கா போகவில்லை. பையைத் திறந்து, சோற்று டப்பாவின் மூடியையும் கழற்றி, அவன் முன்னால் நீட்டினார்.