நின்றுபோன சனிக்கிழமை விமானம்

விருத்தாசலம்
20-10-1974

அன்பு மகள் கனகாவுக்கு, அம்மா ராஜம்மாள் எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் நானும் உன் தம்பி மாணிக்கவேலும் இங்கே சுகம். ஜாம்பியாவில் நீயும் மாப்பிள்ளை சாமிதுரையும் சுகமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்துவிட்டு அந்த விமானக் கம்பெனிக்காரனை நான் திட்டிய திட்டு உனக்கே கேட்டிருக்கும். நாலு வருஷம் கழித்து நீ வருகிறாய், நாத்தனார் முடிச்சுப் போட அக்காள் வந்துவிடுவாள் என்று கார்த்திகை இருபதாம் தேதி உன் தம்பிக்குக் கல்யாணம் வைத்துப் பத்திரிகையும் அடித்தாயிற்று. இப்போது போய், பனிக்காலத்தில் கூட்டம் குறைவு, வாரத்துக்கு இரண்டு விமானம் இனி ஒன்றுதான், சனிக்கிழமை விமானம் கிடையாது என்றால் என்ன நியாயம்? நம் ஊரிலிருந்து பெண்ணாடம் போகிற கடைசி பஸ்ஸில் நாலு பேரும் ஒரு ஆட்டுக்குட்டியும்தான் இருக்கும். அதற்காக அவன் வண்டியை எடுக்காமலா இருக்கிறான்?

ஜவுளிக்கடை நைனா முகம்மது பாயிடம் போய்க் கேட்டேன். அவர் தம்பி குவைத்தில் இருப்பதால் விமான சங்கதி எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. “பெட்ரோலு விக்கிற வெலைக்கு ஆளில்லாம பறக்க முடியுமாம்மா, வருசா வருசம் இப்படித்தான் கொறைப்பாங்க, பங்குனிக்கு மேல மறுபடியும் வுடுவாங்க” என்றார். பாயின் தம்பியும் போன வருஷம் இப்படித்தான் மாட்டிக்கொண்டு பெருநாளுக்கு மறுநாள் வந்து இறங்கினாராம். மாணிக்கவேல் மட்டும், “எங்க ரயில்வேயில இந்த மாதிரி பண்ணச் சொல்லுங்க பாப்போம்” என்று ஜங்ஷனையே அவன்தான் கட்டியதுபோல் பேசினான். கொடி காட்டுகிறவனுக்கு இவ்வளவு பெருமை.

மிச்சமுள்ள செவ்வாய்க்கிழமை விமானத்தில் டிசம்பர் 17-க்குத்தான் இடம் இருப்பதாகவும், மாப்பிள்ளை பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் திறப்பதால் ஜனவரி 8-ஆம் தேதி, புதன்கிழமை இங்கிருந்து போகிற விமானத்தில் திரும்பியாக வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். காலண்டரை இறக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். மார்கழி இரண்டாம் தேதி புறப்பட்டு வந்து, இருபத்து நாலாம் தேதி போகிறாய். ஒரு கல்யாணம் கிடையாது, ஒரு காதுகுத்து கிடையாது, பொங்கலுக்கும் இருக்க மாட்டாய். பன்னிரண்டு மாதத்தில் அவனுக்கு உன்னை இறக்கிவிட இந்த மாதம்தான் கிடைத்ததா?

அக்காள் இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று மாணிக்கவேல் முறுக்கிக்கொண்டு இருக்கிறான். நான் பெண்ணாடம் போய்ச் சம்பந்தியிடம் நாளைத் தைக்குத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். தைக்குத் தள்ளினாலும் நீ இருக்கப்போவதில்லைதான். ஆனாலும் சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. நீ கவலைப்படாதே, உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

விருத்தாசலம்
14-11-1974

என் கண்ணு கனகாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புச் சொல்லவும். மழை நன்றாகப் பெய்து மணிமுத்தாற்றில் தண்ணீர் போகிறது.

பெண்ணாடம் போய் வந்தேன். நாளைத் தள்ள முடியாது. பெண்ணின் அப்பா தர்மராஜ் சர்க்கரை ஆலையில் இருக்கிறார் அல்லவா? “அரவை சூடு புடிச்சிட்டா எங்க மாமனாரே செத்தாலும் எனக்கு லீவு கெடையாதுங்க” என்றார். அவர் மாமனார் பக்கத்தில்தான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஆலைக்காரனுக்குக் கரும்பு, விமானக்காரனுக்குப் பனி. நமக்குத்தான் காலமே இல்லை.

திரும்பி வந்தால் உன் கடிதம். முதல் பக்கம் எல்லாம் சரி. இரண்டாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? “நான் வராததும் ஒரு விதத்தில் நல்லதும்மா. பெரியம்மா மகளே முடிச்சைப் போடட்டும், அவளுக்கு இரண்டு பிள்ளை இருக்கிறது. கல்யாணம் முடிந்த பிறகு மார்கழியில் வந்து என்ன செய்யப்போகிறேன், டிக்கெட்டை விட்டுவிடலாம் என்றிருக்கிறோம்.”

இது உன் புத்தி இல்லை. உன் பெரியம்மா பூவாயி உனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். பத்திரிகைக்கு மஞ்சள் தடவும்போதே, கல்யாணமாகி ஏழு வருஷம் மடி நிறையாதவள் முடிச்சுப் போடலாமா என்று முணுமுணுத்தாள். என் கையில் மஞ்சள் கிண்ணம் இருந்தது. அவள் தலையில் கவிழ்க்காமல் விட்டது நல்ல நாள் என்பதால்தான்.

கனகா, உன் அப்பா போனபோது இவனுக்கு ஒரு வயசு, உனக்குப் பதினொன்று. நான் பீங்கான் கம்பெனிக்குப் பொம்மைக்குக் கண் எழுதப் போய்விடுவேன். நீ இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய். வாத்தியார் விரட்டினால் வாசலில் நின்று பாடம் கேட்பாய். அவன் முதலில் அம்மா என்று கூப்பிட்டது உன்னைத்தான், என்னை இல்லை. உனக்கா மடி நிறையவில்லை?

என்னை மணமேடைக்கு வராதே என்பார்கள். தாலியறுத்தவள், தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொள்வேன். எனக்குப் பழகிவிட்டது. ஆனால் என் மகளை ஒருத்தி தூண் ஓரம் தள்ளுவதையும், அதற்கு அந்த விமானம் சாக்காக இருப்பதையும் என்னால் பொறுக்க முடியாது. டிசம்பர் பத்தாம் தேதிக்குள் கம்பெனியில் உறுதி சொல்லாவிட்டால் இடம் போய்விடும் என்கிறாய். அதுவரை டிக்கெட்டை விடாதே. மார்கழியானால் என்ன, நான் உன்னைப் பார்க்கக்கூடவா முகூர்த்தம் வேண்டும்?

இன்னொன்று. உன் கடிதத்தை மாணிக்கவேலுக்குச் சத்தமாகப் படித்தபோது ரவிக்கை அளவு கொடுக்க வந்த மணப்பெண் அமிர்தம் உள்ளே இருந்ததை மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். போகும்போது, “அந்த ஏரோப்ளேன் என்னைக்குங்க அத்தை?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

அம்மா

*

விருத்தாசலம்
6-12-1974

கனகா, நேற்றுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முடிந்தது என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. கேள்.

பழமலைநாதர் கோயிலில் விடிகாலை முகூர்த்தம். மாணிக்கவேல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தான். கெட்டிமேளம் கொட்டியது, தாலியைக் கட்டி முதல் முடிச்சுப் போட்டான். பெரியம்மா மகள் பின்னால் வந்து இரண்டாம் முடிச்சுப் போட்டாள். மூன்றாவதுக்குக் கயிற்றை மடித்தாள். அப்போது அமிர்தம் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் தூண் ஓரம் நின்ற எனக்கும் கேட்கும்படி, “மூணாவது முடிச்சு ஜாம்பியா அண்ணி வந்து போடுவாங்க. அதுவரைக்கும் இப்படியே இருக்குது” என்றாள்.

மேளக்காரர் நிறுத்திவிட்டார். பூவாயி, “அடி ஆத்தே, இது என்ன அபசகுனம்” என்று தொடங்கினாள். தர்மராஜ் மகளைப் பார்த்தார், அப்புறம், “எம் பொண்ணு புடிச்சா புடிச்சதுதாங்க” என்றார். எல்லோரும் குருக்களைப் பார்த்தோம். அவருக்கு அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் காத்திருந்தது. மாப்பிள்ளை போட்ட முதல் முடிச்சோடு கல்யாணம் ஆயிற்று, மார்கழியில் கல்யாணம்தான் கூடாது, விட்டுப்போன முடிச்சைப் போட மாதம் பார்க்க வேண்டாம், எழுந்திருங்கள் என்றார். மாணிக்கவேல் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. அத்தனை பல்லையும் போட்டோக்காரர் பிடித்துவிட்டார்.

பந்தியில் முழுக்க இதே பேச்சுத்தான். பூவாயி கோபத்தில் இலையை விட்டு எழுந்து போவாள் என்று பார்த்தேன். பாயசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

இந்தக் கடிதமும் அதே ஒற்றை விமானத்தில்தானே வரவேண்டும், பத்தாம் தேதிக்குள் எங்கே கிடைக்கப்போகிறது என்று இன்று காலையில் தந்தி கொடுத்தேன். நைனா முகம்மது பாய்தான் இங்கிலீஷில் எழுதினார். மூன்றாம் முடிச்சு உனக்காக இருக்கிறது, பதினேழாம் தேதி கட்டாயம் புறப்படு என்று. தபாலாபீஸ்காரர் என்ன முடிச்சு என்று கேட்க, பாய் கதையைச் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஸ்டாம்பு வாங்குவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஒரு கிழவர் என்னிடம் வந்து, “பொண்ணு வந்துட்டா சொல்லியனுப்புங்க” என்றார். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

அமிர்தம் கழுத்தைத் திருப்பாமல் நடக்கிறாள். குனிந்து கோலம் போடும்போது ஒரு கையால் பின்கழுத்தைப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு முடிச்சு போதும், அவிழாது என்று சொன்னால் கேட்பதில்லை. நீ முடிச்சுப் போடும்போது நான் தூண் ஓரம் நிற்கக்கூடாதாம். அவள் பக்கத்தில் நின்று கூந்தலைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமாம். வந்து ஒரு நாள் ஆகவில்லை, மாமியாருக்கு உத்தரவு போடுகிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உனக்கு நாரத்தங்காய் ஊறுகாய் போட்டு எங்கள் பீங்கான் கம்பெனி ஜாடியில் வைத்திருக்கிறேன். ஜாடி கனம்தான், மாப்பிள்ளை தூக்கட்டும். எழும்பூரில் ரயில் ஏறும்போது முன் பெட்டியில் ஏறாதே, நம் ஜங்ஷனில் உன் தம்பி கொடியோடு நிற்கிற இடம் நடுவில்தான்.

இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்காமல் போக வேண்டும் என்று பழமலைநாதரை வேண்டிக்கொண்டு ஒட்டுகிறேன். தபால்காரன் வரும்போது உன் வீடு பூட்டியிருக்கட்டும். கதவுக்கு அடியில் இது கிடக்கட்டும், தை பிறக்குமுன் திரும்பிப் போய், எடுத்துப் படித்துக்கொள்.

தீர்க்காயுசாக இரு. கயிற்றின் நுனியில் இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கிறது.

உன் அம்மா
ராஜம்மாள்