மைனஸ் ஒன்றை ஆமாம் என்று எடுத்துக்கொண்டோம்

மாமு,

இன்று காலை என் மேசைமேல் மூன்று பக்க அறிக்கை ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். பிரிண்டரில் இருந்து எடுத்த சூடு ஆறவில்லை. கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் நீ இருந்தாய். ‘மறைந்த பொறியாளர் எழுதிய பழைய சி லைப்ரரியில் இருந்த குறைபாடே விபத்துக்குக் காரணம்’ என்று போட்டு, பக்கத்திலேயே உன் முழுப் பெயர். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் இந்த ஆபீசில் ஒருத்தன் உன் பேரை வாய்திறந்து சொன்னதில்லை. பழி போட வேண்டும் என்றதும் இனிஷியல் உட்பட ஞாபகம் வந்துவிட்டது.

என்ன விபத்து என்று உனக்குச் சொல்ல வேண்டும். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில், எந்தப் பெட்டிமேல் எந்தப் பெட்டியை வைக்கலாம் என்று கிரேன்காரருக்குச் சொல்வது நம் புரோகிராம்தானே. போன வாரம் அது ஒரு லேசான பெட்டிமேல் கனமான பெட்டியை வைக்கச் சொல்லிவிட்டது. அடுக்கு சாய்ந்து, மேலே இருந்தது ஒரு டிரெய்லரின் கேபின்மேல் விழுந்தது. டிரைவர் அப்போதுதான் டீ குடிக்க இறங்கியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். மிதித்த தகர டப்பா மாதிரிக் கிடந்தது கேபின். அந்த மனுஷர் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, காலி டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

பேச்சு எப்படிப் பரவியதோ தெரியவில்லை. நேற்று ராயபுரத்தில் பூசை முடிந்து வெளியே வந்த ஸ்டெல்லாவிடம், துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருத்தர், “உன் வூட்டுக்காரர் போட்ட கணக்குலதான் பொட்டி வுயுந்துச்சாமே?” என்று கேட்டிருக்கிறார். கோயில் வாசலில், அத்தனை பேர் நடுவில்! அவள் வீட்டுக்குப் போகாமல் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டாள். “இன்னாண்ணா பேசறாங்க இவங்க? அவரு தப்பா எய்தி வச்சிட்டுப் போயிட்டாரா? நீதான கூட இருந்தே, நீ சொல்லு” என்றாள். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். உன் பெண்டாட்டி கேட்ட மறுநொடி ‘இல்லம்மா, அவன் தப்பா எழுதியிருக்க மாட்டான்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை மாமு. அந்தக் கோபம் என்மேலேயே இருக்கிறது.

நாம் இரண்டு பேரும் அந்தப் புரோகிராமை எழுதிய நாட்களை நினைத்துக்கொண்டுதான் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கணக்கு முழுக்க உன்னுடையது, சி மொழியில் எழுதிய லைப்ரரி. திரை, பட்டியல், யார்டுக்காரர்கள் தட்டுகிற பொத்தான் எல்லாம் என்னுடையது, பைத்தானில். என் பைத்தான் உன் சி லைப்ரரியைக் கூப்பிட்டுக் கேட்கும்: கீழே இருப்பது இத்தனை டன், மேலே வைக்கப்போவது இத்தனை டன், வைக்கலாமா? உன் பக்கத்திலிருந்து ஒரு எண் வரும். ஒன்று என்றால் வைக்கலாம். சுழியம் என்றால் கூடாது. மைனஸ் ஒன்று என்றால், நீ கொடுத்த எடையே சரியில்லை, எனக்குத் தெரியாது, கிரேனை நிறுத்து.

அந்த மைனஸ் ஒன்றுக்காக நான் உன்னோடு சண்டை போட்டேன். திருவொற்றியூர் ஹைரோடில் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்த ஒரு மத்தியானம், டீக்கடையில் நிற்கிறோம். வடையில் புழுதி. “இன்னாடா இது நம்பரு கிம்பருன்னு பேஜார் பண்ற? தப்புன்னா பைத்தான்ல மாதிரி எரர் போட்டு அங்கியே நிறுத்திடேன்” என்றேன். நீ வடையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டாய். துடைத்தால் போகிற புழுதியா அது? “நான் என் வூட்டுக்குள்ள எவ்ளோ கூவுனாலும் உன் வூட்ல கேக்காது மாமு. அது வேற பாஷை, இது வேற பாஷை. என்னால கையில ஒரு நம்பரு குடுக்கத்தான் முடியும். வாங்கிப் பாக்கறது உன் வேலை” என்றாய்.

சரியாகத்தான் சொன்னாய். சி-க்குள் நடக்கிற தகராறு பைத்தானுக்கு எட்டாது. அன்று சாயங்காலமே என் பக்கத்தில் மூன்று பதிலுக்கும் மூன்று வரி எழுதினேன். நீ என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, நான் மூன்றாவது வரியை முடிக்கும் வரை நகரவில்லை.

எடை சரியில்லை என்று உன் லைப்ரரிக்கு எப்படித் தெரியும்? அதற்காக நீ ஒரு வாரம் யார்டுக்கு நடந்தாய். எடை மேடைக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று, காலிப் பெட்டிகள் ஏறுவதைப் பார்த்துவிட்டு, கழுத்தெல்லாம் கரியோடு திரும்பி வந்தாய். “காலிப் பொட்டியே ரெண்டு டன்னுக்கு மேல கீது. அதுக்குக் கீய எவன் சொன்னாலும் டுபாக்கூர்” என்றாய். ரெண்டு டன்னுக்குக் கீழே எந்த எடை வந்தாலும் மைனஸ் ஒன்று. அதை எழுத உனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் வெயில். குறைபாடாம்! எழுதினவன் கையில் எது வந்தாலும் எழுதிவிடுவானா?

நீ போன பிறகு என் பைத்தான் பக்கத்தைப் புதிதாக எழுத வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். உன் லைப்ரரியை யாரும் தொடவில்லை, தொடப் பயம். அதைக் கூப்பிடுகிற வரிகளை மட்டும் மாற்றினார்கள். இன்று அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். உன் பக்கம் எடையை எட்டு பைட் எண்ணாகக் கேட்கிறது. இவர்கள் நாலு பைட் எண் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் முணுமுணுக்காமல் அனுப்பிவிட்டது. அளவு பொருந்தாததால், இருபத்து நாலு டன் பெட்டி உன்னிடம் வந்து சேரும்போது எடையே இல்லாத பெட்டி. எல்லாப் பெட்டியும் அப்படித்தான்.

லைப்ரரிக்குள் போய்ப் பார்த்தேன். நீ ஏமாறவில்லை மாமு. ஒரு பெட்டிக்குக்கூட ஏமாறவில்லை. புதுப் புரோகிராம் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து, கேட்ட ஒவ்வொரு தடவையும் மைனஸ் ஒன்று கொடுத்திருக்கிறாய். நிறுத்து, நிறுத்து, நிறுத்து. ஆனால் என்னுடைய மூன்று வரி இருந்த இடத்தில் இப்போது ஒரே வரி: பதில் வந்தால் வை. பைத்தானுக்குச் சுழியத்தைத் தவிர எந்த எண்ணும் ‘ஆமாம்’தான். மைனஸ் ஒன்றும் ஆமாம். நீ நிறுத்தச் சொன்னதையெல்லாம் நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பெட்டிமேல் பெட்டியாக ஏற்றியிருக்கிறோம். இத்தனை மாதம் எதுவும் சாயாமல் இருந்தது அதிர்ஷ்டம்.

அறிக்கையைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அதுதான் இன்னும் எரிச்சல். “எனக்குப் புரியுது சார். ஆனா அவரு போயிட்டாரு. அவருக்கு இனிமே இன்னா ஆவப்போவுது? இருக்கறவங்க பொழப்பப் பாக்கணும்ல?” என்றார். செத்தவன் என்றால் அவ்வளவு இளக்காரமா? பேச வாயில்லை என்பதால் யார் தப்பை வேண்டுமானாலும் அவன் தலையில் கட்டிவிடலாமா? அந்த அறைக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி நான் கத்தினேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஒரு தாளை எடுத்துப் போட்டார். புது வரிகளைப் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

நான்தான் மாமு. மறந்தே போயிருந்தேன். உன்னை அடக்கம் பண்ணி ஒரு மாதம் ஆகியிருக்கும். வைக்கத் தகுந்த பெட்டிகளாகப் பத்தைக் கொடுத்துச் சோதித்தேன், பத்துக்கும் ஆமாம் வந்தது. வைக்கக் கூடாத ஒன்றைக் கொடுத்துப் பார்க்கவில்லை. என் மூன்று வரியைக் காணோமே என்று கேட்கவும் இல்லை. எதையும் பார்க்கிற மனநிலையில் நான் அப்போது இல்லை. அது காரணம்தான், சாக்கு ஆகாது.

“இதையும் சேத்து எய்தணும்னா எய்துங்க” என்றார் மேனேஜர். எழுதினேன். அறிக்கையில் உன்மேல் பழி போட்ட வாக்கியத்தை அடித்துவிட்டு, லைப்ரரி ஒவ்வொரு தடவையும் மறுத்தது, அந்த மறுப்பை நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டோம், ஒப்புதல் கொடுத்தது நான் என்று என் கையெழுத்தில் எழுதி, யார்டுக்காரர்களுக்கும் நானே அனுப்பினேன். என் வேலை இருக்குமா போகுமா என்று தெரியவில்லை.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா கதவைத் திறந்துகொண்டு நின்றாள், வா என்றுகூடச் சொல்லவில்லை. அவன்மேல் தப்பில்லைம்மா என்றேன். அவள் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். யாராவது கோயில் வாசலில் கேட்டால் என்னிடம் அனுப்பு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மிச்சத்தையும் சொன்னேன், என் ஒப்புதல் வரைக்கும்.

கதவைப் பிடித்தபடியே கேட்டாள்:

“அப்போ அவரு வேணாம் வேணாம்னு சொல்லிகினேதான் இருந்துருக்காரு. நீ ஏண்ணா பாக்கல?”

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன் மாமு. அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.