நீங்கள் காட்டிய இடத்தில் தைத்த பை

அண்ணே,

எழுத்து கோணலாக இருக்கும். வரியும் மேலே ஏறும், கீழே இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தையல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நேராகப் போடுவேன். பேனாவுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. ஆனாலும் இது முழுவதும் நானே எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, இந்த வயதில்.

நேற்றுக் கடையில் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை எடுத்து ஒரு துப்பாக்கி உறையைச் சூடாக்கினேன். பிளாஸ்டிக் இளகும்போது வரும் அந்த வாடை வந்தது. கண்ணை எரிக்கும், தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். உடனே நினைவில் நீங்கள் வந்துவிட்டீர்கள். வந்தவரைச் சும்மா அனுப்ப மனமில்லை. கேட்க வேண்டியது இருக்கிறது.

துபாய்ப் பக்கம் இந்தப் புஜைராவில் நான் கார் சீட் தைக்கும் கடைக்கு ஒரு பெல்ட்டோடு நீங்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா? எண்ணெய்த் தொட்டிக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர் என்று சொல்லிக்கொண்டீர்கள். பெல்ட்டை மேசையில் போட்டு, "இது என்ன பெல்ட்டோ, அரைஞாண்கொடியோ? துவக்கைக் கொழுவினா அப்பிடியே தொங்குது. ஒருக்காத் தைச்சுத் தாரும் பாய்" என்றீர்கள். துவக்கு என்றால் துப்பாக்கி என்று தெரிந்ததும் நான் பயந்துபோனேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகுதான் துப்பாக்கி சுடும் கிளப்பைப் பற்றிச் சொன்னீர்கள். ஓடிக்கொண்டே அட்டைகளைச் சுடும் போட்டி, குறியும் கணக்கு, நேரமும் கணக்கு என்றீர்கள். நிஜத் துப்பாக்கி அந்தக் கிளப்பை விட்டு வெளியே வராது. அதே அளவில் செய்த நீல நிறப் பொம்மைதான் அளவு பார்க்கக் கடைக்கு வந்தது.

சீட் பெல்ட் நாடாவை இரண்டாக மடித்து, நடுவில் விறைப்பான பிளாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான் மனுசன் கட்டுற சாமான்" என்றீர்கள். அன்றிலிருந்து நம் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின.

முதலில் தோல் உறை வாங்கினீர்கள். அழகாக இருந்தது. துப்பாக்கியை உருவியதும் வாய் மூடிக்கொண்டது, திரும்பச் செருக முடியவில்லை. அடுத்து வெறும் எலும்புக்கூடு மாதிரி ஒன்று. உருவ வேகமாக இருந்தது, ஆனால் போட்டியில் உங்கள் பிரிவுக்கு அதற்கு அனுமதி இல்லையாம். வாங்கிய பிறகுதான் விசாரித்தீர்கள். கடைசியில் சாதாரண பிளாஸ்டிக் உறைக்கு வந்தீர்கள். நான் சூடாக்கி அதன் வாயைக் கொஞ்சம் அகட்டிக் கொடுத்தேன். கை வழுக்காமலிருக்கத் துப்பாக்கிப் பிடியில் ஒட்ட உப்புத்தாளை வாங்கி வந்து, உள்ளங்கைத் தோல் உரிந்து, அதற்கும் என்னைத்தான் திட்டினீர்கள். "பாய், நீர் முதலே சொல்லியிருக்கலாமே!" நான் துப்பாக்கியைத் தொட்டது கூட இல்லை, நான் எதைச் சொல்ல?

இதெல்லாம் நல்ல காலம். பிறகு நடந்ததுக்கு வருகிறேன்.

தோட்டா மேகசின்களை வைக்கும் பைகள் உங்கள் இடது இடுப்பில். ஓடும்போது நகரக்கூடாது என்று அவற்றை பெல்ட்டோடு சேர்த்துத் தைக்கச் சொன்னீர்கள். உங்கள் பிரிவில் எல்லாப் பையும் இடுப்பெலும்புக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், முன்னால் வந்தால் ஓப்பன் என்ற பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே வருகிறவர்களின் துப்பாக்கியில் குறி பார்க்கச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி இருக்கும், அவர்களோடு மோத முடியாது. இதை எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். சொன்னபடி பின்னால் வைத்துத் தைத்தேன்.

மஸ்கட் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கியது. உங்களுக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது, கை பின்னால் போகவில்லை. பெல்ட்டைக் கொண்டு வந்து, "இதைப் பிரிச்சு முன்னாலை தள்ளித் தையும்" என்றீர்கள்.

"அண்ணே, அது கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னனான். இப்பவும் நான்தான் சொல்லுறன். ஆர் பாக்கப்போகினம்? என்ரை வண்டி மறைச்சுப்போடும்."

தொப்பையை நீங்கள் வண்டி என்பீர்கள். அதைத் தட்டிக் காட்டினீர்கள். பெல்ட்டில் விரலை வைத்து இடம் காட்டினீர்கள். அந்த விரல் இருந்த இடத்தில் தைத்தேன்.

ஆள் எடுக்கும் நாள் காலை கிளப்புக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். கிளப் பொறுப்பாளர் உங்கள் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அணி முழுவதுக்கும் இப்படித் தைத்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். இத்தனை வருடம் சீட் தைத்ததில் என்னைத் தேடி ஒரு மனிதர் அப்படிக் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

முதல் சுற்றை நன்றாகவே சுட்டீர்கள். முடிந்ததும் நடுவர் பக்கத்தில் வந்து, உங்கள் இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்து, ஒரு குச்சியை அதற்கு நேராக நிறுத்தினார். பை குச்சிக்கு முன்னால் நின்றது. இனி ஓப்பன் பிரிவில்தான் கணக்கு என்றார். மஸ்கட் அதோடு போயிற்று. சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் திரும்பி என்னைக் காட்டினீர்கள். தைத்தவர் படிக்காத ஆள், விதி அவருக்கு எப்படித் தெரியும் என்றீர்கள்.

அதை இந்தியில் சொன்னீர்கள் அண்ணே. என்னிடம் ஒரு நாளும் தமிழைத் தவிர வேறு பேசாதவர், அதை மட்டும் எல்லோருக்கும் புரிகிற மொழியில் சொன்னீர்கள்.

நான் படிக்காதவன் என்பது உண்மை. அந்த உண்மையை எடுத்து ஒரு பொய்யைத் தைத்துவிட்டீர்கள். நான் வாயைத் திறந்திருந்தால் உங்களை ஏமாற்றுக்காரர் என்று கிளப்பை விட்டே அனுப்பியிருப்பார்கள். அதனால் உங்கள் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பொறுப்பாளர் அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பும் வழியில் காரை நிறுத்திச் சாயா வாங்கித் தந்தீர்கள்.

"என்ன பாய், முகம் ஒரு முழத்துக்குக் கிடக்கு?"

"நீங்க சொல்லித்தானே தச்சேன்?"

"தெரியும். அந்த இடத்திலை வேறை என்னத்தைச் சொல்லுறது? அடுத்த முறை போகேக்கை நானே அவையளுக்குச் சொல்லிப்போடுறன். கலாஸ், முடிஞ்சுது, விடும்."

அடுத்த முறையும் போனீர்கள், அதற்கடுத்த முறையும் போனீர்கள். சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதன் பிறகுதான் தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக நடக்கும் வகுப்பு. அதுகள் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொள்ளும், நான் நடுவில் 'அ' போடுவேன். என் பெயரை எழுதிய அன்று ரூமுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். முதலில் எழுத நினைத்த கடிதம் உங்களுக்குத்தான். "அவர்களிடம் சொல்லிவிடுங்கள்" என்று ஒரே வரி. அதை உங்கள் கையில் கொடுத்து, படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் லீவில் ஊருக்குப் போனீர்கள், நெஞ்சு வலி என்றார்கள், உங்கள் காலம் முடிந்துவிட்டது. நான் அப்போது எழுத்துகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

நேற்று அந்த உறையோடு வந்தவரும் அந்தக் கிளப்தான். கோயம்புத்தூர்க்காரர், எஞ்சினியர். வந்ததும் வராததுமாக, "ஏனுங்க பாய், ஒருத்தரை ஓப்பனுக்குத் தள்ளி விட்டது உங்க தையல்தானுங்களா?" என்று சிரித்தார்.

நீங்கள் இல்லை, இனி யாருக்கு நஷ்டம் என்று நடந்ததைச் சொன்னேன். விரல் வைத்துக் காட்டியது வரைக்கும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"விடுங்க பாய். போய்ச் சேர்ந்தவர் மேல பழியப் போடாதீங்க, பாவம். அவரு உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லுவாருங்க."

நல்லாத்தான் சொன்னீர்களாம். எதைச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோது உங்களுக்காகப் பொய்யைச் சுமந்தேன். இப்போது உண்மையைச் சொன்னாலும் அது பொய்யாகவே போய் விழுகிறது. அதைத் திருப்ப முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அவருக்கும் பைகளைத் தைக்க வேண்டியிருந்தது. சாக்பீஸை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே கோடு போடுங்க சார்" என்றேன். போட்டார். தைத்து முடித்ததும் பெல்ட்டின் உள்பக்கம் மார்க்கரால் மெதுவாக எழுதினேன்.

"என்னங்க பாய் எழுதறீங்க? எம் பேருங்களா?"

"இல்ல சார். படிச்சுப் பாருங்க."

'இவர் காட்டிய இடம்' என்று இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். பிறகு கட்டிக்கொண்டு போனார். இனி இந்தக் கடையிலிருந்து எந்த பெல்ட்டும் அந்த வரி இல்லாமல் போகாது.

நீங்கள் நல்லவராக இருந்த நாட்களும் நிறைய உண்டு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரூமுக்குக் கஞ்சி கொண்டு வந்தது யார் என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்குக் கோபத்துக்கே தாள் முடிந்துவிட்டது. கஞ்சியை அடுத்த வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.