ஏரிக்கரைப் படத்திலிருந்து என் தாயார் நீக்கப்பட்டமை தொடர்பாக

அனுப்புநர்
இராசரத்தினம் சந்திரமதி,
ஒரேத்தோ பகுதி,
பலெர்மோ, இத்தாலி.

பெறுநர்
சுற்றுலா அலுவலர் அவர்கள்,
கடிசர் ஏரிப் பகுதி,
ஜெய்சல்மேர், ராஜஸ்தான், இந்தியா.

பொருள்: ஏரிக்கரைப் படக்கடையில் எடுத்த குடும்பப் படத்தில் என் தாயாரை அழித்துவிட்டமை, மூலப்படத்தைத் தேடித் தரக் கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் மதுரைப் பக்கத்தவர் என்று நாங்கள் தங்கிய விடுதியில் சொன்னார்கள். அதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். எனக்கு ஹிந்தி தெரியாது. என் ஆங்கிலம் கோபம் வந்தால் நின்றுவிடும். இத்தாலியன் நன்றாக வரும், ஆனால் அது தங்களுக்கு உதவாது.

1. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். பலெர்மோவில் வயதான ஒரு சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மையாரை, பராமரிக்கும் வேலை செய்கிறேன். அரசியல் தஞ்சம் பெற்றவளாகையால் பிறந்த ஊரைத் தவிர வேறெங்கும் போக எனக்கு அனுமதி உண்டு. 2023 கார்த்திகையில் சிஞ்ஞோராவின் பேத்தி தன் கலியாணத்தைத் தங்கள் நகரத்தில் வைத்தார். கடலும் மலையும் உள்ள ஊரை விட்டுவிட்டுப் பாலைவனத்தில் தாலி கட்டுவது இப்போது நாகரிகமாம். சிஞ்ஞோராவின் மருந்துப் பெட்டியோடு நானும் வந்தேன். இதை அறிந்து என் அம்மாவும் தங்கை நிரோசினியும் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, சென்னையில் இறங்கி, அங்கிருந்து இரவு பகலாக ரயிலில் வந்து சேர்ந்தார்கள். பதினேழு வருடத்தின் பின் மூவரும் ஒன்றாக இருந்தோம். எனக்குக் கிடைத்த ஓய்வு ஒரேயொரு காலைப்பொழுது.

2. அந்தக் காலையை ஏரியில் கழித்தோம். அரசர் காலத்தில் குடிநீருக்காக வெட்டியது என்றார்கள். மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் அவ்வளவு தண்ணீரைக் கண்டதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினார். மனிதன் வெட்டினால் அது குளம், பிறகேன் ஏரி என்கிறார்கள் என்று தங்கையோடு வாதாடினார். தண்ணீருக்குள் நிற்கும் மஞ்சள் கல் மண்டபங்களைப் பார்த்து, கட்டினவன் தண்ணீரின் அருமை தெரிந்தவன் என்றார். படியில் ஒரு பெண் மீனுக்குப் போடும் பாண் (தங்கள் பக்கத்தில் பிரெட்) விற்றுக்கொண்டிருந்தார். அம்மா பாணைப் பிய்த்துப் போட, மீசை வைத்த பெரிய மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்தன. பங்கீட்டு அரிசிக்கு நிற்கும் சங்கக்கடை வரிசை மாதிரி இருக்கிறது என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

3. எங்கள் கைத்தொலைபேசிகளில் இருவர் இருவராகவே படம் எடுத்தோம். "மூண்டு பேராய் நிண்டு படம் எடுக்கிறேல்லை, பிள்ளை" என்பது அம்மாவின் சட்டம். தங்கள் பக்கத்திலும் இந்த நம்பிக்கை உண்டு என்று அறிவேன். மூவரும் ஒரே படத்தில் நிற்க நாலாவது ஆள் வேண்டும். அம்மா பாண் விற்ற பெண்ணின் கையைப் பிடித்துக் கரையிலிருந்த படக்கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே வந்தார்.

4. கடைக்காரர் எனக்கும் தங்கைக்கும் கண்ணாடி பதித்த பாவாடையும் சிவப்பு முக்காடும் அணிவித்தார். பாண் விற்ற பெண்ணின் அன்றாட உடுப்பே அப்படித்தான் இருந்தது. அம்மா விதவை. அந்த நிறங்களை அவர் தொடவில்லை. தன் சாம்பல் நிற நூல் சேலையோடு எனக்குப் பின்னால் வந்து நின்றார். படம் எடுத்து, தொலைபேசிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

5. நான் பலெர்மோ திரும்பிய பிறகு படம் வந்தது. அதில் நானும் தங்கையும் பாண் விற்ற பெண்ணும் பளபளவென்று நிற்கிறோம். அம்மா நின்ற இடத்தில் ஏரி இருக்கிறது. "பின்னால் நின்ற வெளியாளை இலவசமாக நீக்கிவிட்டோம்" என்று கைகூப்பும் பொம்மையும் போட்டு எழுதியிருந்தார்கள். ஐயா, உடுப்பை வைத்துக் குடும்பத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள். பெற்ற தாய் வெளியாள் ஆகிவிட்டார். நிரோசினி படத்தைக் காட்டியபோது அம்மா, "நான் போக முதலே என்னை அனுப்பிப் போட்டாங்கள்" என்று சொல்லிச் சிரித்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6. அவர் எங்கள் தாயார் என்று எழுதி, அவருடைய படமொன்றையும் அனுப்பினேன். மூலப்படத்தைத் தாருங்கள் என்பதே என் கோரிக்கை. கடைக்காரர் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்தார். நான் அனுப்பிய படத்திலிருந்து அம்மாவை வெட்டியெடுத்து ஒட்டி, இப்போது பாண் விற்ற பெண்ணை அழித்து அனுப்பினார். ஒட்டிய அம்மா நேராக நின்று கைகட்டிக்கொண்டிருக்கிறார், கால் நிலத்தில் படவில்லை. அதோடு, அம்மா தன் வாழ்நாளில் நிற்கச் சம்மதிக்காத மூன்று பேர் படமாகவும் அது ஆகிவிட்டது. இதை நான் அம்மாவுக்குக் காட்டவேயில்லை. பிறகு கடையிலிருந்து பதிலே இல்லை.

7. அம்மா 2024 மாசியில் காலமானார். செத்தவீட்டை சிஞ்ஞோராவின் குசினி அடுப்படியில் நின்று தொலைபேசியில் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் குடும்பப் படத்துக்கென ஒரு பக்கம் விட்டிருந்தோம். படம் கிடைக்காததால் அதில் ஒரு தேவாரத்தைப் போட்டு நிரப்பினார்கள். தேவாரத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் மூவரும் சேர்ந்து நின்ற படம் அது ஒன்றுதான், இனி எடுக்கவும் முடியாது. வரும் மாசியில் ஆட்டைத் திவசம், ஒரு வருடம் முடிகிறது. அதற்காவது அந்தப் படம் வேண்டும்.

8. ஆகவே தாங்கள் தயவுசெய்து அந்தக் கடையின் கமராவிலும் கணினியிலும் கைவைக்காத முதற்படத்தைத் தேடச் செய்ய வேண்டும். திருத்தம், அழகுபடுத்தல், இலவசம் எதுவும் வேண்டாம். படத்தில் நிற்பவர்களைக் கேளாமல் யாரையும் அழிக்கக்கூடாது என்று ஏரிக்கரைக் கடைகள் எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டும். படம் கிடைத்தால் ஏரிப் படியில் பாண் விற்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிரதி கொடுத்து, அவருடைய பெயரை எனக்கு அறியத்தர வேண்டும். எங்கள் குடும்பப் படத்தில் நிற்பவரின் பெயர் எங்களுக்குத் தெரியாமல் இருப்பது சரியல்ல.

அப்படியொரு படமே இருக்கவில்லை என்று கடைக்காரர் சொல்லக்கூடும். இரண்டு படங்களையும், அவை வந்த கடையின் தொலைபேசி இலக்கத்தையும் இணைத்துள்ளேன். இரண்டு படங்களிலும் என் வலது தோளைப் பெரிதாக்கிப் பாருங்கள். முக்காட்டின் மேல் நான்கு விரல்கள் இருக்கின்றன. இரண்டு தடவை திருத்தியும் அவற்றை அவர் கவனிக்கவில்லை. ஒட்டி வைத்த அம்மா கைகட்டி நிற்கும் படத்திலும் அந்த விரல்கள் அங்கேயேதான் இருக்கின்றன.

அந்தக் கைக்கு உரியவரைத் திருப்பித் தரும்படி கேட்டு ஒப்பமிடுகிறேன்.

இடம்: பலெர்மோ
திகதி: 08.01.2025

இராசரத்தினம் சந்திரமதி
(மூத்த மகள்)